எதிரியிடம் சுட்ட மோர்ட்டார்

போர்க்களத்தில் எதிரிக்குத் தரும் உச்சகட்டப் பாராட்டு, அவன் ஆயுதத்தைக் காப்பியடிப்பதுதான். 1941இல் சோவியத் மண்ணில் நுழைந்த ஜெர்மானியர்கள், போரிஸ் ஷாவிரின் வடிவமைத்த 120 மி.மீ. மோர்ட்டாரிடம் அடிவாங்கினார்கள். கைப்பற்றியதை முதலில் அப்படியே பயன்படுத்தினார்கள்; பிறகு 'கிரனாட்வெர்ஃபர் 42' என்ற பெயரில் தாங்களே தயாரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஷாவிரினுக்கே முன்மாதிரி பிரான்சின் பிராண்ட் மோர்ட்டார்.

எடை சுமார் 280 கிலோ. 16 கிலோ குண்டை ஏறத்தாழ 6 கி.மீ. வீசும். குண்டு உயர எழும்பி, மலை முகட்டின் மறுபக்கத்திலும் விழும். 1999 கார்கில் போரில் இந்திய ராணுவத்தின் 120 மி.மீ. மோர்ட்டார்களுக்கு வேலை வந்தது இதனால்தான்.

மாடல் பிரியர்களின் 1:35 அளவில் குழல்வாய் வெறும் 3.4 மி.மீ.; சிப்பாய் 5 செ.மீ. குழல், இருகால், அடித்தட்டு எல்லாவற்றையும் மாதுங்கா ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையிலேயே ஒட்டிவிடலாம். அதைச் சுமந்தவர்களின் தோள்வலிதான் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.