எல்லா வீடும் சேர்ந்தாலன்றிக் குழாய் இல்லை

கிராமத்திற்குப் பொதுவான ஒரு வசதியை ஏற்படுத்துவது ஒரு காரியம். ஏற்பட்டதை இருபது வருஷம் கெடாமல் நடத்திவருவது வேறொரு காரியம். முந்தியதற்கு ஸர்க்கார் மான்யமோ, தனவந்தர் ஒருவரின் நன்கொடையோ ஒரே தவணையில் கிடைத்துவிடக்கூடும். பிந்தியதற்கு அவ்விதம் கொடுப்பவர் அருமை. நீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோன தினத்தில், அதைச் செப்பனிடப் பணம் எவர் கையிலிருந்து வரவேண்டும் என்னும் கேள்விக்கு விடை முன்னமே ஊராரால் தீர்மானிக்கப்பட்டிராவிட்டால், தொட்டியும் குழாயும் நின்றபடி நிற்க, பெண்டிர் பழையபடி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குட்டைக்கு நடக்கவேண்டியதாகிறது. திறப்பு விழாவின் கல்வெட்டு மாத்திரம் கெடாமலிருக்கும்.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. ஏரி வாய்க்கால்களின் சிறு பழுதுகளைப் பாசனக்காரரே கூடி ஆள்வேலையாகச் செய்துவந்த குடிமராமத்து முறையை யாவரும் அறிவர். 1858-ம் வருஷத்தில் சென்னை ராஜதானிக்கென ஒரு சட்டம் செய்து, வழக்கப்படி வரவேண்டிய வேலையைச் செய்யாதவரிடமிருந்து அவ்வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாமென விதித்தார்கள். சட்டம் இருந்தது, குடிமராமத்தோ மேன்மேலும் குன்றியது. தண்டத்தைக் காட்டி ஒருவனை ஒரு நாள் மண்வெட்டி பிடிக்கச் செய்யலாம். மறு வருஷமும் அவன் தானே வருவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாடு எத்தகையது என்பதற்கு, குடிதண்ணீர் விஷயத்தில் நடந்துவரும் ஓர் உதாரணத்தை இங்கே விவரமாக எடுத்துக்கொள்வோம்.

முன்னாளில் இதே சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்து, 1936-ல் ஒரிஸா மாகாணம் ஏற்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது கஞ்சம் ஜில்லா. அங்கே பெர்ஹாம்பூருக்கு அருகிலுள்ள மொஹுதாவைத் தலைமை இடமாகக் கொண்டு ‘கிராம் விகாஸ்’ என்னும் ஸ்தாபனம் வேலை செய்துவருகிறது. அதன் தொடக்கத்திலும் சென்னைக்குச் சம்பந்தம் உண்டு. 1971-ம் வருஷத்தில் வங்காள அகதிகளுக்கு உதவி செய்வதற்காகச் சென்னைச் சர்வகலாசாலை மாணவத் தொண்டர்கள் பலர், ஜோ மடியத் என்பவரைத் தலைவராகக் கொண்டு வடக்கே சென்றார்கள். அவ்வருஷமே ஒரிஸாவின் கடற்கரையைப் பெரும் புயல் தாக்க, அவர்களில் சிலர் அங்கே சென்று, வேலை முடிந்தபின்னும் திரும்பாமல் தங்கிவிட்டனர். 1979-ல் கிராம் விகாஸ் பதிவாயிற்று. சாண எரிவாயுக் கலங்கள் அமைத்துக் கொடுப்பதில் பல வருஷம் முனைந்திருந்த பின்னர், கிராமத்து நோய்களிற் பெரும்பாலானவற்றுக்கு அசுத்தத் தண்ணீரே காரணமெனக் கண்டு, 1992-ல் ஐந்து கிராமங்களில் தண்ணீர், கழிப்பிடத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவியது.

திட்டத்தின் முதல் நிபந்தனை சுருக்கமானது. கிராமத்திலுள்ள வீடுகள் அனைத்தும் சேரவேண்டும். ஒரு வீடு விலகி நின்றாலும் வேலை தொடங்கப்படமாட்டாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடு சம்மதித்தால் போதாதோ, எஞ்சிய ஐந்து வீட்டாரின் பிடிவாதத்திற்காக ஊர் முழுவதும் காத்திருப்பது நியாயமோ என்று கேட்கத் தோன்றும். சாலையோ, விளக்கோ, வாசகசாலையோ ஆனால் அக்கேள்வி பொருந்தும். சிலர் சேராமற் போனாலும் சேர்ந்தவர்களுக்கு அவற்றின் பயன் குறைவதில்லை. கழிப்பிட விஷயம் அப்படியன்று. ஐந்து குடும்பத்தார் ஏரிக்கரையை உபயோகித்துவந்தால், மழைத் தண்ணீரும் ஈயும் கால்நடையும் அந்த அசுத்தத்தைத் தொண்ணூற்றைந்து வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கும். பணம் செலவழித்தவனும் வியாதிக்குத் தப்பமாட்டான். ஆகையால் எல்லா வீடும் என்னும் விதி ஒற்றுமையைப் போற்றுவதற்காகச் சொன்ன அலங்காரமன்று. அது சுகாதாரக் கணக்கு.

இவ்விதியை நிறைவேற்றுவது எளிதென்று எவரும் எண்ணவேண்டாம். எல்லா வீடும் என்றால் எல்லா ஜாதியும் என்று பொருளாகிறது. ஊர்க் கிணற்றண்டை வர இடங்கொடுக்கப்படாத தெருவுக்கும் அதே மேல்தொட்டியிலிருந்து அதே குழாய் செல்லவேண்டும். மேல்ஜாதியார் வீட்டில் எத்தனை குழாயோ, தாழ்த்தப்பட்டவர் வீட்டிலும் அத்தனையே. இதற்கு இணங்கக் கூட்டத்திற்குமேல் கூட்டமாக வருஷக்கணக்கில் பேசிய ஊர்களும் உண்டு. ஸ்தாபனத்தார் வற்புறுத்தாமற் காத்திருந்தார்கள். தனித்தனியே இரண்டு தொட்டி கட்டிவிட்டால் சச்சரவு தீருமென்று யோசனை சொல்பவர் எவ்வூரிலும் இருப்பர். அப்படிக் கட்டினால் செலவு இரட்டிக்கும். பின்னர் பழுது நேரும்போது எத்தொட்டி முதலில் செப்பனிடப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பொதுச்சபையில் வீட்டுக்கு ஒரு புருஷரும் ஒரு ஸ்திரீயும் அங்கத்தினர் ஆவர். நிர்வாக சபையில் பாதி இடம் பெண்களுக்கு. தண்ணீர் சுமப்பவர் யாரோ அவர் வாயாலேயே தண்ணீர்க் குறை சபைக்கு எட்டவேண்டும் என்பது இதன் கருத்து.

இனிப் பண விஷயத்திற்கு வருவோம். நமது சங்க அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது இப்பகுதியே. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் சராசரி 1,000 ரூபாய் மூலநிதிக்குச் செலுத்தவேண்டும். சராசரி என்றதனால் எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை; வசதியுள்ளவர் அதிகமும் எளியவர் குறைவும் செலுத்துவதை ஊராரே தமக்குள் வகுத்துக்கொள்வர். எவரும் ஒன்றுமே கொடாமல் இருப்பதில்லை. இத்தொகை முழுவதும் கிராம சங்கத்தின் பெயரால் பாங்கியில் நிரந்தர டிபாஸிட்டாகப் போடப்படுகிறது. அதிலிருந்து கட்டிட வேலைக்கு ஒரு காசும் எடுப்பதில்லை. அங்ஙனமாயின் அது எதற்கு? நாளை ஊரில் புதிதாக ஏற்படும் வீட்டுக்காக. பிள்ளைக்கு விவாகமாகித் தனிக்குடித்தனம் போனால், அப்புது வீட்டுக்கும் கழிப்பிடமும் குழாயும் வேண்டும். இல்லையேல் எல்லா வீடும் என்னும் விதி சில வருஷத்திலேயே உடைந்துபோகும். அதற்கு வேண்டிய உதவி மூலநிதியின் வட்டியிலிருந்து கிடைக்கிறது.

கூட்டுறவு சங்கத்தில் பழகியவர்களுக்கு இது ஒதுக்குநிதியை நினைப்பூட்டும். 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், லாபத்தில் காற்பங்கை ஒதுக்குநிதிக்குச் சேர்த்த பின்னரே மிகுதியைப் பங்கிடலாமெனச் சொன்னதும் இன்றைய அங்கத்தினர் நாளைய அங்கத்தினரின் பொருளை உண்டுவிடக்கூடாது என்பதற்காகவே.

கட்டிட வேலையில் ஊராரின் பங்கு பெரும்பாலும் உழைப்பும் உள்ளூர்ச் சாமானும். கல், மணல், செங்கல் ஆகியவற்றைக் குடும்பத்தார் சேகரித்து, குழி வெட்டி, சிற்றாள் வேலையும் செய்வர். சிமிட்டி, இரும்பு, பீங்கான் முதலிய வெளிச் சாமான்களுக்கு ஸ்தாபனமும் ஸர்க்கார் மான்யமும் உதவும். ஊர் வாலிபர்களுக்குக் கொத்து வேலை பழக்கப்படுவதால், பின்னர் வெடிப்பு விழுந்தால் அயலூர்க் கொத்தனாரைத் தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கழிப்பிடம், அதையடுத்து ஒரு ஸ்நான அறை; கழிப்பிடத்துக்கு ஒரு குழாய், ஸ்நான அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. கழிவு இரட்டைக் குழியில் விழும். ஒன்று நிரம்பியதும் வழியை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால், முதற்குழியில் உள்ளது நாளடைவில் மக்கி எருவாகும். மலையடிவாரத்து ஊர்களில் உயரத்திலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் தானே இறங்கிவருவதால் மின்சாரச் செலவும் இல்லை.

எல்லா வீட்டிலும் கழிப்பிடமும் ஸ்நான அறையும் முடிந்த பின்னரே தண்ணீர் திறந்துவிடப்படும் என்பது இன்னொரு நிபந்தனை. இதில் நுட்பம் இருக்கிறது. ஜனங்கள் விரும்புவது தண்ணீரை. கழிப்பிடத்தை விரும்புவோர் சிலரே. தண்ணீரை முதலில் விட்டுவிட்டால் கழிப்பிடம் பாதிச் சுவரோடு விறகு அடுக்கும் இடமாகிவிடும். பின்னால் விடுவதாயிருந்தால், சுவர் எழுப்பாத அண்டைவீட்டாரைத் தெருவே சென்று துரிதப்படுத்தும். கைம்பெண்ணோ முதியவரோ தனித்திருக்கும் வீட்டில் மற்றவர் சேர்ந்து வேலையை முடித்துக் கொடுப்பர்.

பலன் என்னவென்பதையும் சொல்லவேண்டும். எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளாதார நிபுணர்கள் சுமார் 100 கிராமங்களின் விவரங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, இத்திட்டம் நிறைவேறிய ஊர்களில் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட வயிற்றுப்போக்கு நோய் நூற்றுக்கு 30 முதல் 50 வரை குறைந்தது. அக்குறைவு ஐந்து வருஷத்துக்கு மேலும் நீடித்தது என்பதே முக்கியம். கட்டியது மாத்திரமன்றி, கட்டியது நடந்துகொண்டும் இருந்தது என்பதற்கு அது சான்று.

அன்றாடப் பராமரிப்புக்கு மூலநிதியைத் தொடுவதில்லை என்று சொன்னோம். அதற்கு வேறு பை. பிரதி மாதமும் வீட்டுக்கு இவ்வளவென்று சந்தா, சில ஊர்களில் அறுவடைக் காலத்தில் தானியமாக வசூல், சில ஊர்களில் பொதுக் குளத்து மீனை விற்ற வருமானம் என்றிவ்வாறு ஊருக்கேற்றபடி பணம் சேருகிறது. மோட்டார் ஓட்டுகிறவர் கூலியும் மின்சாரக் கட்டணமும் அதிலிருந்தே செல்லும். இரண்டு பைகளையும் ஒன்றாகக் கலந்துவிடுவதே இத்தகைய ஏற்பாடுகளுக்கு நேரும் முதல் ஆபத்தென்பது எம் அபிப்பிராயம். அவசரத்தில் மோட்டாருக்கென்று மூலநிதியிலிருந்து எடுத்தது திரும்பி வருவது அபூர்வம். எடுக்கும்போது எல்லோரும் சம்மதித்திருப்பதால் பின்னர் எவரையும் கேட்கவும் இயலாது.

ஏற்பாட்டில் குறையே இல்லையென்று சொல்வது முறையன்று. 1,000 ரூபாய் என்பது 1992-ல் ஒரு பொருள், இன்று வேறு பொருள். 120 குடும்பமுள்ள ஊரில் மூலநிதி 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 6 ஆனால் வருஷத்துக்கு 7,200 ரூபாய் வரும். சிமிட்டி, கம்பி விற்கும் இன்றைய விலையில் அது ஒரு வீட்டு வேலைக்கும் போதாது. வட்டியில் ஒரு பகுதியை அசலோடு சேர்த்துவருவதும், பங்குத் தொகையை ரூபாயாக நிலைநிறுத்தாமல் இத்தனை மூட்டை சிமிட்டியின் விலை என்று அளவிட்டுக்கொள்வதும் இதற்குப் பரிகாரமாகலாம். மேலும், கடைசியாகச் சம்மதிக்கும் வீடு பெரும்பாலும் ஊரில் மிக எளிய வீடாகவே இருக்கும். அதன் தயக்கத்தைப் பிடிவாதமென்று கருதி நெருக்குவது தவறு. கூலியிழந்து குழி வெட்ட நாளில்லாதவனிடம் சபை முதலில் கேட்கவேண்டியது, உனக்கு எத்தனை தவணை வேண்டும் என்பதே.

நமது ஊர்களில் குடிதண்ணீர் வேலை பெரும்பாலும் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால், இம்முறையை அப்படியே எடுத்து நடுவது கூடாமற்போகலாம். ஆயினும் ஒரு தெருவின் கழிவுநீர்க் கால்வாய்க்கோ, சங்கக் கட்டிடத்தையடுத்த களத்துக்கோ, பொதுக் குளத்தின் படித்துறைக்கோ இதே கணக்கு பொருந்தும். தொடங்க விரும்பும் சங்கத்தார், செலவுத் திட்டம் எழுதுமுன் வீட்டு ஜாபிதா எழுதுவது நலம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வெளியூரிலிருக்கும் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டா, குடக்கூலி வீட்டில் பங்கு சொந்தக்காரருடையதா குடியிருப்பவருடையதா, பாகப்பிரிவினையால் ஒரு வீடு இரண்டானால் பங்கும் இரண்டா என்பவற்றை முதற்கூட்டத்திலேயே தீர்மானித்து மினிட் புஸ்தகத்தில் பதியவேண்டும். மூலநிதி டிபாஸிட் ரசீது, சங்கத்தின் பெயரிலன்றிக் காரியதரிசியின் சொந்தப் பெயரில் ஒரு தினமும் இருக்கலாகாது. மாதச் சந்தா பாக்கி விவரத்தைப் பெயர் வாரியாகச் சங்கத்து வாசலில் ஒட்டுவது சிலருக்கு மனவருத்தம் தரும். அதற்குப் பதிலாக, எத்தனை வீடு செலுத்தின, எத்தனை வீடு செலுத்தவில்லை, கையிருப்பு எவ்வளவு என்னும் மூன்று எண்களை மாத்திரம் மாதந்தோறும் முதல் தேதியில் எழுதிவைத்தால், மீதியை ஊரார் தாமே விசாரித்துக்கொள்வர்.