தாழ்த்திய காரில் எழும் இடி

கழக்கூட்டம் போன்ற ஊர்களில், சுருள்வில்லை வெட்டித் தாழ்த்திய காரின் பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, 10 சென்டிமீட்டர் உயர வேகத்தடையைக் கடக்குங்கால், பின் அச்சு மேலெழுந்து இரப்பர்த் தடுப்பில் மோதும்.

காரணம் யாது? வில் அமுங்குதற்குரிய தொலைவு குறைந்ததேயாம். அதே அதிர்ச்சியைப் பாதித் தொலைவில் தாங்கின், சராசரி விசை இரு மடங்காகும். சக்கரம் சாலைப் பிடிப்பையும் இழக்கக்கூடும். பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னிழுப்பதைக் காட்டி, ஆசிரியர் இதனை விளக்கலாம்.

இரப்பர்த் தடுப்பை அகற்றுதல் தீர்வன்று. பின்னர் உலோகமே உலோகத்தில் மோதும். தேய்ந்த அதிர்வுதாங்கியை மாற்றி, தயாரிப்பாளர் குறித்த அளவுடைய வில்லை மீண்டும் பொருத்துதலே முறை. அவர் குறித்த அமைப்பினின்றும் வாகனம் மாறுபடலாகாதென, கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.