வாசித்தவரும் வடித்தவரும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள், டோபி காட் வழியாக டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைச் சென்றடைகின்றன. 2016ஆம் ஆண்டில், அந்தப் பாதையில் நேரடி இசைக்காக மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் டோபி காட் திடலும் ஒன்று. நம் விழாக்களில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது, வாசிப்பவரை நாம் பாராட்டுகிறோம். அந்தக் கருவியைச் செய்தவரைப் பற்றி நினைத்துப் பார்க்கிறோமா?

தமிழ்நாட்டில் கும்பகோணத்திற்கு அருகே நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு ஆச்சாரிகள் எனப்படும் மரக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்து வருகின்றனர். இதற்கு ஏற்றது ஆச்சா மரம். ஆனால், புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் காயும்போது அது சுருங்கும். சில சமயம் வெடிக்கும். குழலின் அளவு சிறிது மாறினாலும் சுருதி மாறிவிடும். அதனால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் வாங்கிப் பயன்படுத்துகின்றனர். மரத்தைக் கடைந்து, மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருக்கும்படி குடைந்து, ஏழு விரல் துளைகளை இடுகின்றனர். அடியில் அணசும் மேல்முனையில் நாணலால் ஆன சீவாளியும் பொருத்தப்படுகின்றன.

முன்பு பெரிதும் வாசிக்கப்பட்டது ‘திமிரி’ என்னும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி உயர்ந்தது. அதில் சுத்த மத்தியமம் என்னும் சுரத்தைத் துல்லியமாக எழுப்புவது கடினம். கலைஞர்கள் மூச்சையும் உதட்டையும் கொண்டு அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இக்குறையைத் தீர்க்க விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அதற்கு வழி கண்டார். குழல் நீண்டால் சுருதி தாழும். துளையின் இடம் மாறினால் சுரமும் மாறும். இவற்றைக் கணக்கிட்டு அவர் உருவாக்கியதே ‘பாரி’ நாதஸ்வரம். ஒருவருடைய செவியும் மற்றொருவருடைய கையும் சேர்ந்தே அந்த இனிய நாதத்தைத் தந்தன. இன்று கச்சேரிகளில் நாம் பெரும்பாலும் கேட்பது பாரியைத்தான்.

2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த கருவியை இந்தப் பெயரில் விற்க முடியாதபடி அது பாதுகாக்கிறது. ஆனால், பழைய மரம் கிடைப்பது அரிதாகி வருகிறது. இத்தொழிலைச் செய்யும் குடும்பங்களும் சிலவே. பெயரைச் சட்டம் காக்கலாம். கைத்திறனைக் காக்க, அதைக் கற்றுக்கொள்ள இளையர்கள் முன்வர வேண்டும்.

டோபி காட் என்ற பெயரும் ஒரு தொழிலின் நினைவுதான். அங்கிருந்த ஓடைக்கரையில் துணி துவைத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் அப்பெயர் வந்தது. அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. ரங்கநாதன் ஆச்சாரியின் பெயர் நமக்குத் தெரியும். அடுத்த முறை நாதஸ்வரம் கேட்கும்போது, அவரையும் நினைத்துக்கொள்வோம்.