சின்னம்மையும் அக்கியும்: பள்ளி அறிய வேண்டியவை

மாசி, பங்குனி மாதங்களில் திருவப்பூர், நார்த்தாமலை, கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில்களில் பூச்சொரிதலும் பால்குடமும் நடக்கும். பள்ளிகளில் தேர்வுக் காலம். "பிள்ளைக்கு அம்மா போட்டிருக்கு சார், லீவு வேணும்" என்று பெற்றோர் வந்து நிற்பதும் இந்தப் பருவத்தில்தான். எத்தனை நாள் விடுப்பு, பக்கத்து இருக்கைப் பிள்ளைகளை என்ன செய்வது, தேர்வு எழுதலாமா என்று மூன்று கேள்விகளுக்கு வகுப்பாசிரியர் அங்கேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரியம்மை, தட்டம்மை, சின்னம்மை மூன்றையும் ஊரில் 'அம்மை' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். மூன்றும் வெவ்வேறு வைரசால் வருபவை. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளில் போடப்பட்டது தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டுக்குமான தடுப்பூசி. "அம்மை ஊசிதான் போட்டாச்சே" என்று பெற்றோர் சொன்னால், அது சின்னம்மையைத் தடுக்காது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

சின்னம்மைக்குக் காரணம் வேரிசெல்லா சோஸ்டர் என்னும் வைரஸ். காற்றின் வழியாகவும் கொப்புள நீர் படுவதாலும் பரவும். உடலுக்குள் புகுந்த 10 முதல் 21 நாள்களில் காய்ச்சலும், அதைத் தொடர்ந்து அரிப்புடன் கூடிய தடிப்புகளும் தோன்றும். தடிப்பு நீர்க் கொப்புளமாகி, பின் பொருக்குத் தட்டும். பழைய பொருக்கும் புதுக் கொப்புளமும் ஒரே உடம்பில் ஒரே நாளில் தெரிவது இந்நோயின் அடையாளம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஆகவே ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் உடனிருந்தவர்களை மூன்று வாரம் கவனிப்பதே சரி. அவர்களை ஒதுக்கி உட்கார வைப்பதால் பயனில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு அவமானம்தான் மிஞ்சும்.

வேப்பிலை கட்டி, நோயாளியைத் தனியே படுக்க வைத்து, வெளியாரை உள்ளே விடாமல் இருக்கும் நம் வீட்டு வழக்கம் நல்ல தனிமைப்படுத்தல். அதைக் கேலி செய்யும் ஆசிரியரின் பேச்சு வீட்டில் எடுபடாது. இரண்டு இடங்களில் மட்டும் வழக்கத்தைத் திருத்தியாக வேண்டும். முதலாவது, மருந்தே கூடாது என்பது. காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்கு வழி வகுக்கும். மூச்சுத்திணறல், விடாத வாந்தி, அதிக மயக்கம், தள்ளாட்டம், கொப்புளத்தில் சீழ் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது, தண்ணீர் ஊற்றியதும் பள்ளிக்கு அனுப்பிவிடுவது. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிவிட்டதா என்பதே அளவுகோல். பெரும்பாலும் அதற்கு ஒரு வாரம் போல ஆகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகலாம். முழு வருகைக்குப் பரிசு தரும் பள்ளிகள் இந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். பரிசுக்காகக் கொப்புளத்தோடு வரும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சின்னம்மை ஆறினாலும் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ விழித்து, ஒரு நரம்பின் தடத்திலேயே இறங்கி, உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலும் வலியும் மிகுந்த கொப்புளப் பட்டையாக வரும். அதுதான் அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் 'அக்கி எழுதி'க் கொள்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. தாமதித்தால் கொப்புளம் மறைந்த பின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

அக்கி உள்ளவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத பிள்ளைக்குச் சின்னம்மை வரும். பாட்டிக்கு அக்கி வந்த வீட்டில் பேரனுக்கு அம்மை வருவது இதனால்தான். அங்கேரியின் குழந்தை மருத்துவர் பொக்காய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கவனித்து எழுதினார். அக்கி வந்த ஆசிரியர் கொப்புளத்தை முழுதும் துணியால் மூடி வைக்க முடியாதென்றால், அது உலரும் வரை விடுப்பெடுப்பது நல்லது.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறுவயதில் சின்னம்மை வராமலே வளர்ந்தவர்கள் கணிசமாக உண்டு. பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகக்கூடும். கருவுற்ற ஆசிரியைக்கு வந்தால் கருவிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து. முன்பு சின்னம்மை வராத கருவுற்ற ஆசிரியையின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால், அவர் அன்றே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்தத் தடுப்பூசி போடக் கூடாது. மற்றவர்களுக்குத் தொற்றிய சில நாள்களுக்குள் போட்டாலும் ஓரளவு தடுக்கும்.

இத்தடுப்பூசியை ஜப்பானின் மிச்சியாகி தக்காஹாஷி 1974இல் உருவாக்கினார். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு தவணைகளைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால், தனியாரிடம் பணம் கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்யும் பெற்றோரால் எளிதில் முடியாது. எனவே நம் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு வீட்டிலேயே இருத்தலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தகவல் தருவதுமே இன்று கைக்கெட்டிய தடுப்பு.

பொதுத் தேர்வு நாளில் கொப்புளத்தோடு பிள்ளை வந்துவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, காற்றோட்டமான தனி அறை ஒதுக்கலாம். அந்த அறைக்குக் கண்காணிப்பாளராக, முன்பே சின்னம்மை வந்து போன ஒருவரைப் போடுங்கள்.