சக்கரத்துக்கு அபராதம்!

நடை பழகும் வயதில் வாசற்படி தடுக்கி நீங்கள் விழுந்திருப்பீர்கள். பாட்டி ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "இந்தப் படிதானே என் தங்கத்தைத் தள்ளிவிட்டது?" என்று படிக்கு இரண்டு அடி போட்டிருப்பார். அழுகையும் நின்றிருக்கும்.

பாட்டி செய்தது விளையாட்டு. இங்கிலாந்தில் இதையே சட்டப்படி செய்த காலம் ஒன்று உண்டு. வண்டியால் ஒருவர் இறந்துபோனால், அந்த வண்டிக்கே விலை கட்டி, அந்தத் தொகையை அரசு வாங்கிக்கொண்டது!

1714 முதல் 1830 வரை அங்கே ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு அரசர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். சாலைகளில் நிறையச் சரக்கு குதிரை வண்டிகளில் போயிற்று. ஓட்டுபவர் குதிரைகளின் பக்கத்தில் நடந்துவர வேண்டும். குதிரைகளை நடத்த ஆளில்லாமல் அவர் வண்டியில் ஏறிக்கொண்டால் அபராதம். ஆனாலும் நாள் முழுக்க நடந்தால் கால் கடுக்காதா? வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் மரத்தண்டில் உட்கார்ந்துகொள்வார். கண் அசரும். பிடி நழுவும். அப்படி விழுந்து சக்கரத்தில் சிக்கியவர்கள் பலர்.

திடீர் மரணம் என்றால் கொரோனருக்குத் தகவல் போகும். மரண விசாரணை நடத்தும் அதிகாரி அவர். 1194-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்ட பதவி இது. 1751-இல் வந்த ஒரு சட்டப்படி, ஒரு விசாரணைக்கு அவருக்கு ஒரு பவுன் சம்பளம்; பயணப்படி மைலுக்கு 9 பென்ஸ். ஊரில் உள்ள ஆண்களில் குறைந்தது 12 பேரை ஜூரிகளாக, அதாவது தீர்ப்புச் சொல்பவர்களாக, சத்தியம் செய்யவைப்பார். பெரும்பாலும் ஊர்ச் சத்திரத்தில்தான் கூடுவார்கள். எல்லாரும் உட்கார இடம் வேண்டுமே! கொரோனரும் ஜூரிகளும் இறந்தவரின் உடலை நேரில் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் விசாரணை செல்லாது. பிறகு கேள்விகள்: வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? எந்தச் சக்கரம்? பாரம் இருந்ததா?

அது விபத்துதான் என்று முடிவானாலும் வேலை தீராது. மரணத்துக்குக் காரணமான பொருளுக்கு ஜூரிகள் விலை சொல்ல வேண்டும். அதற்கு 'டியோடண்ட்' என்று பெயர். 'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்று பொருள். ஆனால் சொந்தக்காரர் கட்டிய அந்தத் தொகை போய்ச் சேர்ந்ததோ அரசரிடம், அல்லது அரசர் அந்த உரிமையைக் கொடுத்திருந்த பிரபுவிடம்.

எந்தப் பொருளுக்கு விலை? 1765 முதல் வெளிவந்த தம் சட்ட நூலில் வில்லியம் பிளாக்ஸ்டோன் இதை விளக்குகிறார். நின்ற வண்டியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறும்போது ஒருவர் விழுந்து இறந்தால், சக்கரத்துக்கு மட்டும் விலை. ஓடும் வண்டியின் சக்கரம் ஏறி இறந்தால், வண்டிக்கும் அதிலுள்ள பாரத்துக்கும் சேர்த்து விலை. மூட்டை என்ன பாவம் செய்தது என்று கேட்காதீர்கள். அந்த மூட்டைகளின் எடையும் சேர்ந்துதானே சக்கரத்தை அழுத்துகிறது?

நல்ல இயற்பியல்தான், இல்லையா? ஒரு கணக்குப் போடுவோம். வண்டியும் பாரமுமாக 4,000 கிலோ, சக்கரங்கள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் சக்கரத்துக்கு 1,000 கிலோ. 25 கிலோ எடையுள்ள 40 பிள்ளைகள் ஒன்றாக ஏறி நிற்பதுபோல! அதுவும் சக்கரம் தரையைத் தொடும் அந்தச் சின்ன இடத்தில். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும்.

வண்டி மெதுவாகத்தானே போகிறது, விழுந்தவர் உருண்டு தப்பியிருக்கலாமே? மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது நடைவேகம்தான். ஆனால் அந்த வேகத்திலும் வண்டி நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நகரும். சக்கரம் 2 மீட்டர் பின்னால் இருந்தால், தப்பிக்க இரண்டு நொடிகூடக் கிடையாது. விழுந்தவரைத் தரை உராய்ந்து நிறுத்திவிடும். வண்டியை நிறுத்த யாருமில்லை. குதிரைகளே நின்றாலும் அத்தனை எடையும் உடனே நின்றுவிடாது. இப்படி ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் குணத்தைத்தான் பாடத்தில் 'நிலைமம்' என்கிறோம்.

சொந்தக்காரர்மேல் ஜூரிகள் இரக்கப்பட்டு, பல சமயம் ஒரு ஷில்லிங் போலச் சிறு தொகையை விலையாகச் சொன்னார்கள். பிறகு ரயில் வந்தது. 1841-இல் சானிங் என்ற இடத்தில் மண் சரிந்து ரயில் விபத்து நடந்தபோது, எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுன் என்றார்கள் ஜூரிகள். ரயில் கம்பெனிகள் கலங்கின. 1846-இல் டியோடண்ட் சட்டமே ஒழிந்தது. மரண விசாரணை மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. 'எப்படி நடந்தது?' என்ற கேள்விக்கு எப்போதும் வேலை இருக்கிறதே!

நிலைமத்தை நீங்களும் சோதித்துப் பாருங்கள். பொம்மை லாரியின் மேல் ஒரு ரப்பரை வைத்து உருட்டி, சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். லாரி நிற்கும், ரப்பர் முன்னால் பாயும்.

அந்த ரப்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மரத்தண்டைப் போலவே, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கம்பியில் யாராவது உங்களை உட்காரச் சொன்னால், "மாட்டேன்" என்று சொல்லுங்கள்.