இனிமை என்னும் பெயர் கொண்ட ஆறு

மும்பையில் வாழும் நம்மில் பலர் மித்தி ஆற்றை நாள்தோறும் கடந்து செல்கிறோம். மாகிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே இரயில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கறுத்து நாறும் அந்நீரோட்டத்தை ‘நாலா’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அது சாக்கடையாகப் பிறந்ததன்று. ‘மித்தி’ என்பதற்கு ‘இனிமையானது’ என்பதே பொருள்.

விகார், பவாய் ஆகிய ஏரிகள் நிரம்பி வழியும் நீரே இவ்வாறாகிறது. சாக்கிநாக்கா, குர்லா, தாராவி வழியாக ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழிமுகத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. இச்சிறு தொலைவுக்குள் அது கெட்டுப்போவது எவ்வாறு?

வாய்க்காலில் விழுவது எங்கே போகிறது?

மழைநீருக்கென வெட்டப்பட்ட வாய்க்கால்களில், கழிவுநீர்க் குழாய் இணைப்பில்லாத குடியிருப்புகளின் கழிவும் வந்து விழுகிறது. சாயப்பட்டறைகளும், இரசாயனப் பீப்பாய்களைக் கழுவும் கூடங்களும் தங்கள் கழிவைச் சேர்க்கின்றன. மலமும் உணவுக்கழிவும் மட்கும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மேலே படரும் எண்ணெய்ப் படலம் புதிய காற்று கலவாதபடி தடுக்கிறது. மீன் எப்படிப் பிழைக்கும்?

2005 ஜூலை 26

அந்நாளை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கடல் பொங்கி நின்றமையால் வெள்ளம் வடிய வழியில்லை. கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டு, குப்பையாலும் சேற்றாலும் குறுகிப்போயிருந்த மித்தி, ஊருக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்த பின்பு எலிக்காய்ச்சல் பரவியது. தாழ்வான பகுதிகளில் குடியிருந்த ஏழைகளே மிகுதியாய்த் துன்புற்றனர். அவர்களுள் நம் தமிழ் மக்களும் உண்டு.

அதன்பின் ஆற்றைக் காக்கத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. ஆறு ஆழப்படுத்தப்பட்டு அகலமாக்கப்பட்டது. எனினும், வாரிய சேற்றின் இடத்தை நாம் எறியும் பை நிரப்புமானால் பயன் என்ன?

நாம் செய்யக்கூடியவை

அரசும் ஆலைகளும் செய்யவேண்டியவை மிகுதி என்பது உண்மையே. ஆயினும் நம் வீட்டு வாசலில் தொடங்கக்கூடியவையும் உண்டு:

• பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்தபின் கழுவுங்கள்.
• ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்து மாநகராட்சி வண்டியிலேயே சேருங்கள்.
• திருமணங்களிலும் சபையின் ஐக்கிய விருந்துகளிலும் வாழையிலையையோ எவர்சில்வர் தட்டையோ பயன்படுத்துங்கள். தெர்மோகோல் தட்டுகளுக்கு மகாராஷ்டிர அரசு 2018ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது.
• பட்டறை நடத்துவோர் சாயத்தையும் அமிலத்தையும் வாய்க்காலில் திறந்துவிடாதிருங்கள்.
• வாய்க்கால் அடைத்திருந்தால் மழைக்கு முன்பே மாநகராட்சியின் 1916 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

தாராவியின் ஓரத்தில், மித்தியின் கரையில், முன்பு குப்பைமேடாயிருந்த இடமே இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மரங்களடர்ந்து நிற்கிறது. குப்பைமேடு சோலையாகக் கூடுமானால் ஆறும் மீளக்கூடும். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அருகே ஓடும் ஆற்றையும் காட்டி, அதன் பெயரின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். பிழைக்க வந்த நமக்கு இடங்கொடுத்த நகரம் இது. அதன் நீரைக் கெடுக்காதிருப்பது நம் கடமையன்றோ?