இன்சுலின் எங்கிருந்து வருகிறது?

சர்க்கரை போடாத டீயை வாங்கிக்கொண்டே நண்பர் கேட்டார்: “ஏன் சார், இன்சுலினைப் பன்றியிலேர்ந்து எடுக்கறாங்கன்னு சொல்வாங்க. பெட்டியில ‘ஹியூமன் இன்சுலின்’னு போட்டிருக்கு. அப்ப மனுஷங்ககிட்டேர்ந்தா எடுக்கறாங்க?”

இரண்டும் இல்லை, பாக்டீரியா அல்லது ஈஸ்ட் செய்து தருகிறது. ஆனால் பன்றிக் கதையும் பொய்யல்ல. 1922 முதல் அறுபது ஆண்டுகள் இறைச்சிக்கூடங்களில் கிடைத்த பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள்.

இன்சுலின் ஒரு சின்னப் புரதம். 21 அமினோ அமிலங்கள் ஒரு சங்கிலி, 30 இன்னொரு சங்கிலி. இரண்டும் பிணைந்தால் இன்சுலின். இந்த வரிசையைக் கண்டறிந்த பிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. பன்றியின் இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். அதனால் வேலை செய்தது. சிலருக்கு ஒவ்வாமையும் தந்தது.

எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது என்பதை டிஎன்ஏவில் உள்ள மரபணு சொல்கிறது. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். இந்தக் கணக்கு மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றே. காஞ்சிபுரத்தில், சேலைக் கரையின் வடிவத்தைத் தறிக்குச் சொல்லும் ஒரு ஜக்கார்டு அட்டையை எந்தத் தறியில் மாட்டினாலும் அதே கரைதானே விழும்? மூலக்கூறு உயிரித் தொழில்நுட்பம் நிற்பது இந்த ஒற்றுமையின் மேல்தான்.

அட்டையை மாட்டுவது எப்படி? பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்கள் உண்டு. குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதிகளும், வெட்டியதை ஒட்டும் லிகேஸ் என்ற நொதியும் உண்டு. வளையத்தை வெட்டி, வேண்டிய மரபணுவை ஒட்டி, மறுபடி பாக்டீரியாவுக்குள் அனுப்பலாம் என்று ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள்.

“அப்ப மனுஷ மரபணுவை எடுத்து ஒட்டிட்டாங்களா?”

அங்கேதான் சிக்கல். நம் மரபணுவின் நடுநடுவே புரதத்துக்குத் தேவையில்லாத துண்டுகள் இருக்கின்றன. நம் செல் அவற்றை நீக்கிவிட்டுப் படிக்கும். பாக்டீரியாவுக்கு அது தெரியாது. எனவே பாக்டீரியாவில் இன்சுலின் செய்ய முனைந்த விஞ்ஞானிகள் இட்டாகுராவும் ரிக்ஸும் ஜெனென்டெக் நிறுவனக் குழுவும் மனித உடலிலிருந்து மரபணுவை எடுக்கவே இல்லை. அமினோ அமில வரிசைதான் தெரியுமே. அதற்குரிய டிஎன்ஏவை ஆய்வகத்தில் ரசாயனமாகக் கோத்தார்கள்.

அடுத்த தொல்லை: இவ்வளவு சிறிய அந்நியப் புரதத்தைப் பாக்டீரியா சிதைத்துவிடும். அதனால் ஒவ்வொரு சங்கிலியையும் பாக்டீரியாவின் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலாக வளரவிட்டார்கள். இணைப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் ரசாயனம் உண்டு. இன்சுலினிலோ மெத்தியோனினே கிடையாது. வெட்டினால் வால் மட்டும் முழுசாகக் கழன்று வரும்! பிறகு இரண்டு சங்கிலிகளையும் பிணைத்தார்கள். அது 1978. நான்கு ஆண்டுகளில், 1982இல், எலி லில்லி நிறுவனத்தின் ‘ஹியுமுலின்’ அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த முறையில் உருவாகி மனிதருக்கு வந்த முதல் மருந்து அதுதான்.

அதன் பிறகு வழி திறந்துகொண்டது. வளர்ச்சி ஹார்மோனை அதுவரை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியே கொடிய மூளைநோய் தொற்றியது தெரிந்து 1985இல் நிறுத்தினார்கள். அதே ஆண்டு பாக்டீரியா செய்த ஹார்மோன் வந்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை ஈஸ்டில் செய்தது. பெங்களூரின் பயோகான் இன்சுலினையே ஈஸ்டில் செய்கிறது.

“ஊசி வழியா பாக்டீரியா உள்ளே போகுமோ?”

போகாது. செல்களை உடைத்து, பல கட்டமாகச் சுத்திகரித்த பிறகு மிஞ்சுவது புரதம் மட்டுமே. புரதம் என்பதால்தான் மாத்திரையாக விழுங்க முடிவதில்லை. வயிறு சாப்பாட்டோடு சேர்த்துச் செரித்துவிடும். புரதம் தன் வடிவத்தால்தான் வேலை செய்கிறது. உறைந்தால் அந்த வடிவம் குலையும். ஆகவே இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். ஒருமுறை உறைந்த புட்டி, உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், குப்பைக்குத்தான்.